தண்ணித் தொட்டி வரைக்கும் ஒரு மாத்திரை

எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகே நம்பும் என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரியப்பா ஒரு இடம் சொல்கிறார். பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா வேறு இடம் சொல்கிறார். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அவர்களைக் கேட்டால் இருவருமே என்னைத்தான் முறைக்கிறார்கள். அதனால் முகவரி எழுதாமல் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டுரை வரவில்லை, கடிதம்தான் வருகிறது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும் அப்பா. பவியைப் போல ஒருவர் இருக்கிற வீட்டில் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

அவர்களுக்காக ஒரு வரி. பவி என்கிற பவித்ரா என் அக்கா. இருபது வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். கொஞ்சமாகப் பேசுவாள், நிறையப் பார்ப்பாள். அவளுக்குத் தைராய்டு குறைவு என்று ஏழு வருடம் முன்பு கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மாத்திரை. கொடுப்பது அப்பாவின் வேலை. அப்பா பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை தேடும் வேலை, பார்த்தவர். போன ஆடியில் ஒரு நாள் மதியம் செக்கிங் டேபிளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிறகு எழவேயில்லை. அதன்பின் மாத்திரை என் கைக்கு வந்தது.

உங்கள் நீல நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்து: ‘பவி. காலை 1 மாத்திரை. தவறக் கூடாது.’ நான் ஒரு நாளும் தவறவிடவில்லை அப்பா. பரீட்சை நாளில்கூட. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்றதில் எனக்குப் பெருமை இல்லை.

கார்த்திகை வாக்கில் பவி மாற ஆரம்பித்தாள். பகலிலும் தூக்கம். முகம் உப்பியது. ஜெபமணி அக்கா கம்பெனிப் பனியன்களை வாங்கி வந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டுவார் இல்லையா, அவர் வெட்டி முடித்த பனியன்களைப் பவி மடித்து வைப்பாளே, பனியனின் கை இரண்டும் ஒரு நூல் பிசகாமல் சேரும்படி, அந்த மடிப்பு நின்றுபோனது. ஒரு பனியனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். மாசி வெயிலில் ஊரே விசிறிக்குக் கீழே கிடக்க, அவள் கம்பெனி ரிஜெக்ட் என்று கழித்ததிலிருந்து நீங்கள் கொண்டுவந்த ஹூடியைப் போட்டுக்கொண்டு, தொப்பியையும் இழுத்து மூடிக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பு சொன்னார்கள். “அப்பனைத் தேடுது, பாவம். இந்த மாதிரிப் புள்ளைங்க அப்படித்தானுங்க.”

எனக்கு அந்த ‘அப்படித்தான்’ பிடிக்கவில்லை. நீங்கள் சொல்வீர்களே, வெளிப்பக்கம் எல்லோரும் அழகாகத்தான் தைப்பார்கள், உள்பக்கம் திருப்பு என்று. இந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லை எப்படித் திருப்புவது என்றுதான் தெரியவில்லை.

அம்மா போனுக்குள் போனார். தை மாதம் யாரோ அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பவி மாதிரிப் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் குழு. முதல் வாரம் அம்மா முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் மறுக்கவில்லை. கம்பெனி வேனை விட்டு இறங்கி வரும்போதே படித்துக்கொண்டு வருவார். “நம்மளாட்டம் எத்தனை பேரு இருக்கறாங்க பாரு கண்ணு” என்பார்.

பிறகு ஒரு குரல் வந்தது. தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டது, எதைப் படித்த டாக்டர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. தினமும் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அவரிடம் ஒரு மூலிகைப் பவுடர் உண்டு. சாப்பிட்டால் மூளை வளருமாம், முகமே மாறிவிடுமாம். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று மாதம் இங்கிலீஷ் மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பவுடர் வேலை செய்யாதாம்.

“நிறுத்திப் பாப்பமா கண்ணு?” என்று அம்மா கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அப்பா தவறக் கூடாதுன்னு எழுதியிருக்கறாருங்கம்மா.”

“உன்ற அப்பா எழுதினது புள்ள நல்லா இருந்தப்போ. இப்ப அவ எப்படிக் கெடக்கறான்னு நீயே பாரு. மாத்திரை போட்டு என்ன ஆச்சு?”

மாத்திரை போட்டும் பவி இப்படி ஆனது எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. அந்தக் கேள்வியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அப்பா. நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை. பவுடர்காரரைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு போட்டோ அனுப்பினார். இடப்பக்கம் ஒரு சின்னப் பையன் அழுது வழிகிறான், ‘பவுடருக்கு முன்’ என்று எழுதியிருந்தது. வலப்பக்கம் அதே பையன் சிரிக்கிறான், ‘இரண்டு வருடம் கழித்து’ என்று எழுதியிருந்தது. குழு முழுக்கக் கைகூப்புகிற படங்கள் கொட்டின. நான் இரண்டு படத்தையும் பெரிதாக்கினேன். இரண்டிலும் யானைப் படம் போட்ட மஞ்சள் டீ-சர்ட்.

“அம்மா, கொஞ்சம் வாங்க. இந்தக் கழுத்தைப் பாருங்க.”

அம்மா பாதி உரித்த வெங்காயத்தோடு வந்தார். இருபது வருடமாக ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து கழுத்துக்கு ரிப் பட்டி வைத்து அடிக்கிறவர். ஒரு பார்வைதான்.

“இன்னும் பெருசு பண்ணு. தோளுகிட்ட வா. ம். ஜாயிண்ட்டு விலகியிருக்குது பாரு, ஒரு தையல். அந்தப் படத்துக்குப் போ. அதே எடத்துல அதே விலகல். ஒரே பீஸுதான்.”

“ரெண்டு வருசமா அதே சட்டையப் போட்டிருக்கலாமில்லீங்களா?”

“ரெண்டு வருசம் துவைச்ச ரிப்பு இப்படி வெறைச்சுட்டு நிக்குமா? தொங்கிப் பல்லை இளிச்சுடும். யானை பிரிண்டுல ஒரு வெடிப்பு இல்ல. அப்பறம் அந்தப் பையன் ரெண்டு வருசமா வளரவேயில்லயாக்கும்? சட்டைக் கை அதே எடத்துலதானே நிக்குது?” அம்மா கத்தியை ஓங்கியபடியே பேசினார். “காத்தால அழுக விட்டு ஒண்ணு எடுத்திருக்கறான். மத்தியானம் முட்டாய் குடுத்து இன்னொண்ணு எடுத்திருக்கறான். நம்ம ஊருக்காரிகிட்டயே பனியனைக் காட்டி ஏமாத்தறானா இவன்?”

எட்டிப் பார்த்த ஜெபமணி அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “ஏட்டி, அந்தப் பவுடரை அந்த யானைக்குக் குடுத்துப் பாக்கச் சொல்லு. வெள்ளை யானையா மாறுதான்னு பாப்போம்.”

உங்கள் சட்டைப் பையில் இருந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் நினைவிருக்கிறதா? துணியில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவீர்களே, அதேபோல ஒரு சிவப்பு அம்பை அந்தப் படத்தின் கழுத்தில் வரைந்து, அம்மா சொன்னதையெல்லாம் எழுதிக் குழுவில் போட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவர்களுக்கு மருந்து பலிக்காது என்று அந்தக் குரல் சொன்னது. அடுத்த நிமிடம் எங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அன்று நான் எவ்வளவு உயரத்தில் நடந்தேன் தெரியுமா? உங்கள் மகள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த உயரத்திலிருந்துதான் அடுத்த தவறைச் செய்தேன்.

மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. முகப்புப் படத்தில் ஓர் எருமை. குண்டடம் பக்கம் தோட்டத்தில் இருப்பதாகவும், தன் மகனுக்கும் பவியைப் போலவே என்றும் ஒரு அம்மா எழுதியிருந்தார். ‘நீங்க குரூப்புல கேட்டது சரிங்க. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இதைப் படிச்சுப் பாருங்க, எம் பையனுக்கு உபயோகமா இருந்துச்சுங்க.’ கீழே ஒரு இணைப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கான உடல்நல வழிகாட்டி.

நான் என்ன நினைத்தேன்? ஒரே பண்டலில் வந்த பீஸ். ஆண் குரல் மாட்டிக்கொண்டது, இப்போது பெண் குரலை அனுப்புகிறார்கள். இணைப்பைத் திறந்து பத்து வரி பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னது. கண், காது, இதயம், தூக்கம், கழுத்தெலும்பு என்று என்னென்னவோ பார்க்கச் சொன்னது. ஆஹா, இவர்கள் பரிசோதனைக் கூடத்தின் ஆட்கள் என்று முடிவு கட்டினேன். எருமைப் படத்து அம்மாவின் எண்ணைத் தடுத்துவிட்டேன்.

“போன்ல வர்றது அத்தனையும் ரிஜெக்ட்” என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். நம்புவதற்கு எங்களிடம் உங்கள் நோட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

பவி அதன்பின் இன்னும் மந்தமானாள். ஒரு நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள், கை சோற்றில் இருந்தது. ஜெபமணி அக்கா அவள் கையைத் துடைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இங்க பாரு. எங்கம்மா செத்தப்ப நானும் அழுதேன். ஆனா மாசி மாசம் எனக்குக் குளுரல. துக்கத்துக்குக் குளுருமாட்டி? இது ஒடம்புல என்னமோ. நீதான் படிக்கிறவ, படி.”

படிக்கிறவள் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வழிகாட்டியை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். நம்பி எடுக்கவில்லை அப்பா. குறை கண்டுபிடித்து, கிழித்துப் போட்டு, மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அகராதியை ஒரு பக்கமும், உங்கள் சிவப்பு ஸ்டிக்கர்களை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எழுதியது யார், எப்போது திருத்தியது என்று இருந்தது. என்ன விற்கிறார்கள் என்று தேடினேன். எதையும் விற்கவில்லை. எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்றது. முகம் மாறும் என்றோ மூளை வளரும் என்றோ எங்கேயும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்ட முடியவில்லை.

பிறகு தைராய்டு பக்கம். சோர்வு, எடை கூடுவது, குளிர் தாங்காதது, தோல் வறட்சி, மலச்சிக்கல், எதிலும் ஆர்வமில்லாமல் போவது என்று வரிசையாகப் பவியை யாரோ ஜன்னல் வழியே பார்த்து எழுதியது போல இருந்தது. டவுன் சிண்ட்ரோம் என்றாலே இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது என்றும் எழுதியிருந்தது. அந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லின் உள்பக்கம் அங்கே இருந்தது அப்பா.

அதற்குக் கீழே வந்ததைப் படித்ததும் மகிழ்ச்சியாகிவிட்டேன். ஏனென்றால் ஒரு தவறு கிடைத்துவிட்டது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுக்க வேண்டும், அதன்பின் குறைந்தது அரைமணி நேரமாவது பாலோ உணவோ தரக் கூடாது என்று இருந்தது. நான் தினமும் சத்துமாவுப் பாலோடுதான் கொடுக்கிறேன். ஒரு டம்ளர் பாலில் மாத்திரை சுலபமாக இறங்குகிறது, அம்மாவுக்கு ஏழரைக்கு வேன், எனக்கு எட்டுக்கு பஸ். உங்கள் நோட்டிலும் வெறும் வயிறு என்ற சொல்லே இல்லை. சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அந்த வரியில் அழுத்தி ஒட்டினேன். ஓரத்தில், ‘தவறு. அப்பா இப்படி எழுதவில்லை’ என்று எழுதினேன்.

எழுதிய பிறகு கை நின்றுவிட்டது.

அப்பா எழுதவில்லை, சரி. அப்பா எப்படிக் கொடுத்தார்?

எனக்குத் தெரியவில்லை! ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் இருப்பேன், அல்லது புத்தகத்துக்குள். அம்மாவிடம் கேட்டேன். “ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் உங்கப்பா டிபார்ட்மெண்ட்டு. எனக்கு லீவு குடுத்தாத்தானே நான் கூடப் போறதுக்கு? அவரே கூட்டிட்டுப் போவாரு, அவரே கேட்டுக்குவாரு” என்றார்.

தெரிந்த ஆள் இன்னொருவர் இருந்தார். ஹூடிக்குள் சுருண்டு படுத்திருந்தார். அதுவரை அவளிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

“பவி, அப்பா உனக்கு மாத்திரை எப்படிக் குடுப்பாரு? செஞ்சு காட்டறியா?”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டம்ளரை எடுத்தாள். குடத்தில் தண்ணீர் மொண்டாள். வெறும் இரண்டு விரலை நாக்கில் வைத்து, தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். நீங்கள் பார்ப்பீர்கள் போலிருக்கிறது, இறங்கிவிட்டதா என்று. நான் பால் டம்ளரை நீட்டினேன். உள்ளங்கையால் தள்ளினாள்.

“அப்பறம்” என்றாள்.

வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டினாள். பக்கத்தில் உங்கள் செருப்பு இருக்கும் இடத்தைக் கையால் தடவினாள். அது அங்கே இல்லை. இல்லாத செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பது போல வெறும் தரையில் இரண்டு கையாலும் செய்தாள்.

“தொட்டி” என்றாள். “ப்பா, தொட்டி. அப்பறம் பாலு.” காலையில் நீங்கள் இருவரும் நடந்து போய்வருவீர்களே, அந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி.

அம்மா கையிலிருந்த முறம் சாய்ந்தது.

நான் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் அப்பா. நீங்கள் போன மறுநாளிலிருந்து பவி தினமும் காலையில் மாத்திரையைக் கண்டதும் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பாலைத் தள்ளினாள். நாங்கள் எல்லோரும் அவள் உங்களைத் தேடுகிறாள் என்று நினைத்தோம். அம்மா கட்டிப்பிடித்து, “அப்பா வரமாட்டாரு சாமி, நீ பாலைக் குடி” என்று அழுவார். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, மாத்திரையைப் பாலோடு விழுங்க வைப்பேன். உங்கள் செருப்பு கண்ணில் படுவதால்தான் தேடுகிறாள் என்று அதை எடுத்துப் பரணில் போட்டோம். கார்த்திகையில் அவள் வாசலுக்குப் போவதை நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

அவள் தினமும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் வந்தவர்களை எல்லாம் சந்தேகப்பட்ட நான், எங்கள் வீட்டு வாசலில் ஒருத்தி சரியாக நிற்கிறாளோ என்று ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

“இதத்தானே தெனமும் பண்ணுனா. இதத்தானே பண்ணுனா” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. பரணில் ஏறி உங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அம்மா சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உங்கள் மஞ்சள் பையை எடுத்துப் போனேன். அதில் வருடத்துக்கு ஒன்றாக ஆறு இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், எல்லாம் ஐப்பசி மாதத்தில் எடுத்தவை. ஏழாவது ஐப்பசியில் நீங்கள் இல்லை, சீட்டும் இல்லை. அந்த வழிகாட்டி கேட்ட அதே வருடாந்திரப் பரிசோதனை. நான் பரிசோதனைக் கூடத்தின் ஆட்கள் என்று திட்டியது உங்களையும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

டாக்டரம்மா பவியின் தோலைத் தொட்டுப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். சீட்டு வந்ததும் அவருடைய புருவம் மேலே போனது.

“மாத்திரை யாரு குடுக்கறது?”

“நான்தானுங்க டாக்டர். பாலோட குடுத்துட்டேனுங்க. எட்டு மாசமா.” அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் நீட்டினேன். இதையெல்லாம் ஏன் படிக்கிறாய் என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். எழுதியது யார், எப்போது திருத்தியது என்று பார்த்தார். எனக்கு உங்களையே பார்ப்பது போல இருந்தது.

“சரியாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வராம இருந்துடாதே” என்றார். “பால் மட்டும்தான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது. அளவையே மாத்த வேண்டியிருக்கலாம். முதல்ல நேரத்தைச் சரி பண்ணு. வெறும் வயிறு, தண்ணி, அரைமணி நேரம். ஆறு, எட்டு வாரம் கழிச்சு மறுபடியும் எடுப்போம்.” பவியின் காதையும் தூக்கத்தையும் பார்க்க வேறு இடத்துக்கு எழுதியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எருமைப் படத்து அம்மாவின் எண்ணுக்குப் போட்ட தடையை நீக்கிவிட்டு, போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவரையும் பவுடர்காரரின் ஆள் என்று நினைத்துவிட்டதாக உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“அட ஏங் கண்ணு! நான் விக்கறதுன்னா எருமைப்பால்தானுங்க விப்பேன். அதுவும் மாத்திரையோட குடிக்கறவங்களுக்கு விக்க மாட்டேன்” என்றார். பிறகு குரல் மாறியது. “நீ சந்தேகப்பட்டது தப்பில்ல சாமி. நானும் ஒருக்கா இந்த மாதிரிப் பவுடரை நம்பிப் போட்டு, எம் பையன் ஒரு மாசம் படுத்துட்டான். அதுக்கப்பறந்தான் நானும் கேக்கப் பழகினேன்.”

மறுநாள் காலையிலிருந்து நானும் பவியும் நடக்கிறோம். தண்ணீர், மாத்திரை, வாயைத் திறந்து காட்டுவது, செருப்பு. உங்கள் செருப்பையும் வாசலில் தெருவைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது இல்லாமல் பவி படி இறங்க மாட்டாள். முதல் வாரம் தெருமுனை பேக்கரிக்கே மூச்சு வாங்கினாள். மூன்றாவது வாரம் மேல்நிலைத் தொட்டியின் நிழல் வரை. ஒரு நாள் பாதி வழியில் ஹூடியைக் கழற்றி என் தலையில் போட்டாள். சுமக்க ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

நேற்று இரண்டாவது பரிசோதனைச் சீட்டு வந்தது. இறங்க வேண்டிய அந்தத் தைராய்டு எண் நன்றாக இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டுமாம், மாத்திரையின் அளவைச் சிறிதாக மாற்றியிருக்கிறார்கள். முழுதும் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முந்தாநாள் நான் மடித்து வைத்த பனியனைப் பவி பிரித்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “கீத்து, கோணல்” என்று என் பெயரைச் சொல்லிக் குறை சொன்னாள். ஜெபமணி அக்கா, “வந்துட்டாட்டி உங்க செக்கிங் மேடம்” என்று கத்தினார். அம்மா சமையல் கட்டிலிருந்து வெளியே வரவேயில்லை. குழாயைத் திறந்து விட்ட சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். உங்கள் கையெழுத்தின் மேலேயே. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கைகளுக்குத் தெரிந்ததை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கீழே பவியைக் கேட்டுக் கேட்டு நான் எழுதியிருக்கிறேன்: தண்ணீர், அரைமணி, பிறகுதான் பால். ஐப்பசியில் இரத்தம் எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் பவியிடம் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. சின்ன வயதில் உங்கள் இருவரின் நடை எனக்குப் பிடிக்காது. விழிப்பு வந்த நாட்களில் ஜன்னலில் நின்று பார்ப்பேன், மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று தெரியாமலே. ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அக்காவைத்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். அது மருந்துக்கான நேரம் என்று தெரிந்த அன்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

ஆனால் உங்கள் மகள் அல்லவா, உங்கள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய் நேரம் பார்த்தேன். டாக்டர் சொன்னது அரைமணி. பவியின் நடையில், பேக்கரி நாய்க்கு வணக்கம் சொல்லி, கம்பெனி வாட்ச்மேன் தாத்தாவோடு கை குலுக்கி, தொட்டியடியில் உட்கார்ந்து இரயில் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பினால் ஐம்பது நிமிடம் ஆகிறது. பேக்கரியோடு திரும்பியிருந்தாலே முப்பதில் முடிந்திருக்கும். தினமும் வேலைக்கு ஓட வேண்டிய நீங்கள், அந்த இருபது நிமிடத்தை எதற்காக வைத்தீர்கள் அப்பா?

எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். இதை மட்டும் திருப்ப மாட்டேன். பவிக்கு ஐம்பது நிமிடத்தையும் தருவேன். பஸ் போனாலும் சரி, பரீட்சை வந்தாலும் சரி, இனி ஒரு நாளும் பேக்கரியோடு திரும்ப மாட்டேன். இது உங்கள் செருப்பின் மேல் வைத்துச் சொல்கிற வாக்கு.

இப்படிக்கு,
தொட்டி வரைக்கும் போய்வரத் தாமதமாகக் கற்றுக்கொண்ட உங்கள் சின்ன மகள்,
பவித்ராவின் தங்கை கீர்த்தனா